மேஸ்திரியின் பிறந்த நாள்

நம் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இளைஞர் ஒருவர் சென்ற கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்தார். அவர் வேலை பார்க்கும் இடத்தில் உடன் வேலை செய்யும் ஒருவருக்குப் பிறந்த நாள் வருகிறதாம். அவர் கன்னடக்காரர், இவர் தமிழர், மேலதிகாரி வடக்கத்தியர். "எப்படிக் கொண்டாடினால் நன்றாயிருக்கும் சார்? நீங்கள்தான் இங்கே நாற்பது வருஷமாய் இருக்கிறீர்களே" என்றார். கேக் வாங்குங்கள் என்று ஒரே வரியில் பதில் சொல்லி அனுப்பியிருக்கலாம். அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்குக் காரணம் மைசூர் மண்டி மொஹல்லாவில் நான் கணக்கு எழுதிய காலத்தில் நடந்த ஒரு சம்பவம். அதையும், பிறந்த நாள் என்ற விஷயத்தைப் பற்றி அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் தெரிந்துகொண்டதையும் வாசகர்களுக்குச் சேர்த்தே சொல்கிறேன்.

மைசூரில் பேட்டைகளை மொஹல்லா என்பார்கள். தேவராஜா மொஹல்லா, லஷ்கர் மொஹல்லா, கிருஷ்ணராஜா மொஹல்லா என்று நகரமே மொஹல்லாக்களாகப் பிரிந்திருக்கிறது. மண்டி மொஹல்லா பெயருக்கேற்ற வியாபாரப் பேட்டை. ஒரு பக்கம் அசோகா ரோடு, ஒரு பக்கம் சயாஜி ராவ் ரோடு, நடுவே அக்பர் ரோடு. நான் வேலை பார்த்தது அங்கே ஒரு சந்துக்குள் இருந்த ஊதுபத்தித் தொழிற்சாலையில். மைசூர் ஊதுபத்திக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததெல்லாம் 2005ல். எங்கள் காலத்தில் அந்தப் பேச்சே கிடையாது. மூங்கில் குச்சியும் கரித்தூளும் ஜிகட்டும் வீடுகளுக்குப் போகும். பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து உருட்டுவார்கள். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. வாசனை ஏற்றுவதும் கட்டுவதும் பெட்டியில் அடைப்பதும் மட்டும் தொழிற்சாலைக்குள் நடக்கும். வாசனை என்றால் சாதாரண வாசனை இல்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனால், சட்டையைக் கழற்றுமுன்பே எந்த ரகம் ஓடியது என்று என் மனைவி சொல்லிவிடுவாள்.

அங்கே பிறந்த நாள் கொண்டாடும் வழக்கத்தை ஆரம்பித்தவன் நான்தான். 1995ஆம் வருஷம் என்று நினைவு. பி.எஃப். பதிவேட்டில் எல்லோருடைய பிறந்த தேதியும் இருந்தது. அதைப் பார்த்து ஒரு பட்டியல் தயார் செய்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். ஒட்டிய பிறகுதான் ஒரு வேடிக்கை கண்ணில் பட்டது. முப்பத்திரண்டு பேரில் பதினொரு பேர் ஜூன் 1ஆம் தேதி பிறந்தவர்கள்! மே மாதத்திலும் ஆகஸ்டிலும் பிறக்காமல் எல்லோரும் ஜூனில் வந்து எப்படிப் பிறந்தார்கள் என்று கேட்டுச் சிரித்தோம். பள்ளிக்கூடம் ஜூனில் திறக்கும். பிள்ளையை அழைத்துக்கொண்டு போனால் வாத்தியார் வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டுவிட்டால் ஐந்து வயது. தேதி ஜூன் 1. நம் தலைமுறையில் பலருக்கு இப்படித்தான் பிறந்த நாள் கிடைத்தது. பிறப்பு இறப்புப் பதிவுக்கு நாடு முழுவதற்குமான சட்டமே 1969ல்தான் வந்தது. அதற்கு முன் கிராமத்தில் பிறந்தவர்களுக்கு வாத்தியார் எழுதியதே சாசனம்.

அந்தப் பதினொரு பேரில் ஒருவர் எங்கள் மேஸ்திரி. பெயர் வேண்டாம், எல்லோரும் மேஸ்திரி என்றே அழைப்போம். திருவண்ணாமலைக்குப் பக்கத்துக் கிராமம். பதினைந்து பதினாறு வயதில் மாமா ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு மைசூர் வந்தவர். கன்னடம் உள்ளூர்க்காரரைப் போல் பேசுவார். உருது பேசினால் பாய்களே ஒரு நிமிஷம் யோசிப்பார்கள். தமிழ் மட்டும் வட ஆற்காட்டுத் தமிழாகவே இருந்தது.

கொண்டாட்டம் என்றால் யார் செலவு என்பதுதான் முதல் கேள்வி. நம் ஊரில் பிறந்த நாள்காரர்தான் மிட்டாய் கொடுப்பார். ஜெர்மனியிலும் அப்படித்தானாம், பிறந்த நாள்காரரே கேக் கொண்டு வருவார். முன்கூட்டி வாழ்த்துச் சொல்வதை அங்கே அபசகுனமாக நினைப்பார்கள் என்பதையும் அங்கே போகிறவர்கள் தெரிந்து வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் உடன் வேலை செய்பவர்கள் காசு சேர்த்து வாங்குவார்கள். எங்கள் தொழிற்சாலையில் முதல் வருஷம் நம் ஊர் வழக்கப்படியே விட்டோம். அந்த வருஷம் இரண்டு பேர் தங்கள் பிறந்த நாளன்று லீவு போட்டார்கள். ஒருவர் வீட்டில் அந்த மாதம் அரிசிக்கே கடன் என்பது பிறகு தெரிந்தது. மறு வருஷம் முதல் தலைக்கு மாதம் இரண்டு ரூபாய் என்று ஒரு டப்பாவில் போட்டு வந்தோம். சம்பளம் குறைந்தவர்கள் இருக்கும் இடத்தில் வேறு வழி கிடையாது.

தின்பண்டத்திலும் பார்த்துத்தான் நடக்க வேண்டும். முட்டை சாப்பிடாதவர்களுக்காக அய்யங்கார் பேக்கரி கேக். ரம்ஜான் மாதத்தில் வரும் பிறந்த நாளை மாலையில் நோன்பு திறந்த பிறகு வைத்துக்கொள்வோம். பெரிய விசேஷம் என்றால் சயாஜி ராவ் ரோட்டுக்கு ஆள் அனுப்பி மைசூர்பாகு. கிருஷ்ணராஜ உடையார் அரண்மனைச் சமையற்காரர் மாதப்பா கையில் பிறந்த பலகாரம் என்று அந்த ஊரில் சொல்வார்கள். அந்தப் பரம்பரையினரின் கடை அந்த ரோட்டில்தான் இருக்கிறது. அசைவக்காரர்களுக்கு அக்பர் ரோட்டு ஹனுமந்து புலாவ் போதும், வேறு எதுவும் கேட்கமாட்டார்கள். 1930லிருந்து நடக்கிற ஓட்டல்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 1998 மே 30, சனிக்கிழமை. மேஸ்திரிக்கு அன்று கடைசி நாள். பதிவேட்டின்படி அவர் பிறந்தது 1-6-1940. எங்கள் தொழிற்சாலையில் 58 வயது முடிந்தால் ஓய்வு. பிறந்த நாளையும் வழியனுப்பு விழாவையும் சேர்த்தே வைத்துவிட்டோம். பெரிய கேக், மேலே '58' என்று எழுதியிருந்தது, மெழுகுவத்தி கொளுத்தியாயிற்று. எல்லோரும் கைதட்டக் காத்திருக்கிறோம். மேஸ்திரி குனிந்தார், ஊதவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"தம்பி, மூணு வருஷமா நீங்க ஆசையா செய்யறீங்க, நானும் சாப்பிட்டேன். இன்னிக்குச் சொல்லிட்டுப் போறேன். இது நான் பொறந்த நாள் இல்ல. நான் பொறந்தது தீபத்தன்னிக்கு."

அவர் கதை இது. 1958 ஜூனில் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்குப் பதினெட்டு ஆகவில்லை. 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டப்படி பதினெட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு டாக்டர் சர்டிபிகேட் வேண்டும், வேலை நேரத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. அப்போதிருந்த குமாஸ்தா அந்தத் தொல்லை வேண்டாமென்று பதினெட்டு முடிந்ததாக 1-6-1940 என்று எழுதிக்கொண்டார். பையனுக்கு வேலை கிடைத்தால் போதும், மாமாவும் தலையாட்டினார். ஆக, நாங்கள் மூன்று வருஷம் கேக் வெட்டிக் கொண்டாடியது அவர் தொழிற்சாலைக்குள் நுழைந்த மாதத்தைத்தான்.

நிஜமாகப் பிறந்தது எப்போது? அவருடைய தாயார் எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர் மகனிடம் சொல்லி வைத்தது இவ்வளவுதான்: ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணத்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு கிராமங்களுக்கு ஓடி வந்தார்களே, அந்த வருஷம், மலையில் தீபம் தெரிந்த நேரம்.

இதில் அதிகமாய் வேறென்ன வேண்டும்? கொழும்பில் ஜப்பானியர் குண்டு போட்டது 1942 ஏப்ரல் 5, மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா. சென்னை காலியானது அந்த ஏப்ரலில். அந்த மாதம் பிறந்த தமிழ் வருஷம் சித்ரபானு. தீபம் என்றால் கார்த்திகை மாதம் கார்த்திகை நட்சத்திரம். எனக்குத் தெரிந்த ஒரு தமிழ்க் குருக்களிடம் பழைய பஞ்சாங்கங்கள் இருந்தன. அவர் விரலை மடக்கிப் பார்த்து, நவம்பர் நான்காவது வாரம் என்று சொல்லிவிட்டார். பதிவேட்டுத் தேதிக்கும் இதற்கும் இரண்டரை வருஷ வித்தியாசம். எழுத்தறியாத அந்த அம்மாள் சொன்னதில் வருஷம், மாதம், நாள், நேரம் எல்லாம் இருந்தன. எழுதத் தெரிந்த குமாஸ்தா எழுதியதில் ஒன்றுகூட இல்லை.

அன்று குருக்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே சொல்வது பயன்படும். வெளியூரில் வளரும் நம் பிள்ளைகளுக்கு "நட்சத்திரப் பிறந்த நாள் ஏன் வருஷத்துக்கு வருஷம் மாறுகிறது?" என்பது தீராத சந்தேகம். நம் மாதம் சூரியனை வைத்து வருவது. 29 முதல் 32 நாள் வரை இருக்கும். நட்சத்திரம் சந்திரனைப் பொறுத்தது. சந்திரன் ஒரு சுற்று வர ஏறக்குறைய 27 நாள் 8 மணி. இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாது. அதனால்தான் மேஸ்திரியின் நாள் 1998ல் டிசம்பர் முதல் வாரத்தில் வந்தது, 2000ல் டிசம்பர் இரண்டாம் வாரத்துக்குப் போயிற்று. ஒரே மாதத்தில் நட்சத்திரம் இரண்டு முறை வந்தால் பொதுவாக இரண்டாவதைக் கொள்வார்கள். ஆனால் 19 வருஷத்துக்கு ஒரு முறை இங்கிலீஷ் தேதியும் நட்சத்திரமும் மறுபடி கிட்டத்தட்ட ஒன்றாக வந்து சேரும். 19, 38, 57 வயது முடியும்போது உங்கள் பிறந்த தேதியைப் பஞ்சாங்கத்தில் பாருங்கள், நட்சத்திரம் அங்கேயே இருக்கும், அல்லது ஒரு நாள் முன்பின் இருக்கும்.

நம் கணக்கோடு இது முடிகிறதா என்றால் இல்லை. கன்னடக் குடும்பங்களில் சாந்திரமான மாதமும் திதியும் பார்ப்பவர்கள் உண்டு. பிறந்த நாளை ஹுட்டு ஹப்ப என்பார்கள். மகாராஜாவின் பிறந்த நாள் என்றால் அரண்மனையில் அதற்கு வர்தந்தி என்று பெயர். எங்கள் பாய்கள் சால்கிரா என்பார்கள். சால் என்றால் வருஷம், கிரா என்றால் முடிச்சு. வருஷத்துக்கு ஒரு முடிச்சாகக் கயிற்றில் போட்டு வயதை எண்ணிய காலத்துச் சொல் அது. ஹிஜ்ரி வருஷம் 354 அல்லது 355 நாள். அந்தக் கணக்கில் பிறந்த நாள் பார்த்தால் வருஷத்துக்குச் சுமார் பதினொரு நாள் முன்னால் வந்துகொண்டே இருக்கும். நமக்கு 60 ஆகும்போது அவர்களுக்கு ஏறக்குறைய 62. அக்பர் ரோட்டுக்காரன் என்பதால் அக்பரையே சொல்கிறேன்: சூரியக் கணக்கில் ஒரு பிறந்த நாள், சந்திரக் கணக்கில் ஒரு பிறந்த நாள் என்று வருஷத்துக்கு இரண்டு தடவை துலாபாரம் ஏறியவர் அந்தச் சக்கரவர்த்தி.

வயதை எண்ணுவதிலும் குழப்பம் வரும். நம் பெரியவர்கள் "அறுபது நடக்கிறது" என்பார்கள். அப்படியென்றால் முடிந்தது 59தான். தென் கொரியாவில் பிறந்தவுடனேயே ஒரு வயது என்று எண்ணும் பழக்கம் இருந்தது. 2023 ஜூனில்தான் சட்ட காரியங்களுக்கு எல்லோரையும்போல் முடிந்த வயதை எடுத்துக்கொண்டார்கள். அங்கே வேலைக்குப் போன நம் பையன்கள் வயதைச் சொல்லத் திண்டாடியிருப்பார்கள்!

சரி, மேஸ்திரி. அன்றைக்கு அவர் சொன்னதைக் கேட்டதும் கேக்கை யாரும் தொடவில்லை. "தேதியை மாற்றச் சொல்லிக் கேட்கலாமே, இன்னும் இரண்டரை வருஷம் சம்பளம் வருமே" என்றார் பாக்கிங் பகுதியில் இருந்த கன்னட நண்பர். கேட்டுப் பார்த்தோம். முதலாளி நல்லவர்தான், ஆனால் ஒருவருக்கு மாற்றினால் மற்றப் பத்துப் பேரும் வருவார்கள் என்றார். சட்டமும் அவர் பக்கம்தான் இருந்தது. மத்திய அரசு ஊழியர்களுக்கு, வேலையில் சேர்ந்த ஐந்து வருஷத்துக்குள் கேட்க வேண்டும் என்று விதியே உண்டு. ஓய்வு பெறும் சமயத்தில் வந்து பிறந்த தேதியை மாற்றக் கேட்பதை ஏற்க முடியாது என்று 1993ல் ஹர்நாம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்மானமாகச் சொல்லிவிட்டது. தனியார் தொழிற்சாலையில் நாற்பது வருஷம் கழித்து, தாயார் சொன்ன வார்த்தையை மட்டும் சாட்சியாக வைத்துக்கொண்டு யார் வழக்காடுவது?

இதில் என் பங்கும் ஒன்று இருக்கிறது. 1995 நவம்பரில் தொழிலாளர் பென்ஷன் திட்டம் வந்தபோது எல்லோருக்கும் புதிதாகப் படிவம் நிரப்பியவன் நான். மேஸ்திரியின் படிவத்தில் பிறந்த தேதி என்ற கட்டத்தில் பழைய பதிவேட்டைப் பார்த்து 1-6-1940 என்று எழுதிக் கையெழுத்து மட்டும் வாங்கினேன். "அண்ணே, இது சரிதானா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாறியிருக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அப்போது ஓய்வுக்கு இன்னும் இரண்டரை வருஷம் இருந்தது. அவர் பிறந்த நாளுக்குக் கேக் வாங்கத் தெரிந்த எனக்கு அவரிடம் பிறந்த நாள் எப்போது என்று கேட்கத் தெரியவில்லை.

ஆகவே வாசகர்களுக்கு ஒன்று சொல்வேன். வீட்டில் வயதானவர்களின் காகிதங்களையும் உங்களுடையதையும் ஒரு நாள் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பாருங்கள். பள்ளிச் சான்றிதழ், பி.எஃப்., பாஸ்போர்ட், ஆதார் நான்கிலும் ஒரே தேதி இருக்கிறதா? பி.எஃப். கணக்கில் தவறு இருந்தால் முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து கொடுக்கும் கூட்டு விண்ணப்பத்தால் திருத்தலாம். ஆதாரை மட்டும் காட்டினால் செல்லாது, 2024 ஜனவரியில் அதைப் பிறந்த தேதிக்கான சான்றுப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2023 அக்டோபர் 1ஆம் தேதியன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளி முதல் பாஸ்போர்ட் வரை பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். பேரக் குழந்தைகள் விஷயத்தில் அசிரத்தை வேண்டாம். அகதிகளாய்ப் போனவர்களில் எத்தனையோ பேர் ஜனவரி 1 என்ற தேதியைச் சுமந்துகொண்டு அமெரிக்காவில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வீட்டில் வேறு ஒரு நாள் இருக்கத்தான் செய்யும்.

மேஸ்திரி ஓய்வு பெற்ற பிறகும் மண்டி மொஹல்லாவிலேயே இருந்தார். அவருடைய மனைவி வீட்டில் பத்தி உருட்ட, அவர் கட்டுக் கட்டித் தொழிற்சாலையில் கொண்டு வந்து போட்டுவிட்டுப் போவார். நாற்பது வருஷம் அதட்டி வேலை வாங்கிய இடத்தில், தராசுக்கு முன்னால் வரிசையில் நிற்பார். நான் உள்ளே கூப்பிட்டால் வரமாட்டார். "வரிசைன்னா வரிசைதான் தம்பி" என்பார்.

1999ல் அவருக்கு 57 முடிந்தது. குருக்கள் சொன்ன மூன்றாவது பத்தொன்பது. தீபம் நவம்பர் நான்காவது வாரத்திலேயே வந்தது, அவர் பிறந்த வருஷத்தைப்போல. டப்பாவில் இருந்த காசை எடுத்துக்கொண்டு ஏழெட்டுப் பேர் சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனோம். முன்கூட்டிச் சொல்லவில்லை. சந்தில் அவர் வீட்டு வாசலில் மட்டும் அகல் வரிசை. கேக் வேண்டாம் என்று முன்பே முடிவு செய்திருந்தோம். விளக்கேற்றும் நாளில் மெழுகுவத்தியை ஊதி அணைப்பது யாருக்கும் சரியாகப் படவில்லை. மைசூர்பாகு வாங்கிப் போனோம். கன்னட நண்பர் மல்லிகையும் வெற்றிலை பாக்கும் கொண்டு வந்தார். வயதான பாய் ஒருவர் சட்டைப் பையிலிருந்து சிவப்பு நூல் ஒன்றை எடுத்து ஒரு முடிச்சுப் போட்டு மேஸ்திரி கையில் கொடுத்தார். "பாக்கி ஐம்பத்தாறை நீயே போட்டுக்கொள்" என்று உருதுவில் சொன்னார். மேஸ்திரியின் மனைவி பொரி உருண்டை கொண்டு வந்து வைத்துவிட்டு, "இவருக்குப் பொறந்த நாள்னு இத்தனை பேர் வந்தது இதுதான் முதல் தடவை" என்றார். அவர் எங்கள் பக்கம் பார்க்காமல் அகலுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார்.

2002ல் சித்ரபானு வருஷம் திரும்பி வந்தது. அறுபது வருஷப் பெயர்களும் ஒரு சுற்று முடிந்து, பிறந்த வருஷத்தின் பெயரே மறுபடி வருவதால்தான் அறுபதுக்கு அவ்வளவு விசேஷம். மகன் திருக்கடையூர் போகலாம் என்றானாம், மேஸ்திரி வேண்டாமென்றுவிட்டார். வீட்டு வாசலிலேயே பந்தல். பத்திரிகையைக் கொடுக்க என்னிடம் வந்தபோது, "தேதி நீங்க ஒரு தடவை பார்த்துடுங்க தம்பி" என்று நீட்டினார். நவம்பர் மூன்றாவது வாரம், கார்த்திகை நட்சத்திரம். இரண்டு முறை படித்துப் பார்த்து, "சரிதான் அண்ணே" என்றேன்.